வாசகர் கேள்வி – பதில்: ஆகஸ்ட் லீவும் பிள்ளைகளின் படிப்பும்

மகள் ஆண்டு 6, மகன் ஆண்டு 4. லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனால் கணக்கெல்லாம் மறந்துபோய் நிற்கிறார்கள். போன தவணைக் கொப்பியைப் பார்த்து எழுதவிட்டும் பலன் இல்லை. ரியூசனுக்குத்தான் விடவேண்டுமா?
– ஒரு தாய், சாவகச்சேரி

பார்த்து எழுதும்போது எல்லாம் தெரிந்ததுபோலத்தான் இருக்கும். கொப்பியை மூடினால் ஒன்றும் வராது. பார்க்காமல் யோசித்து விடையை வெளியே எடுக்கப் பழகினால்தான் மனதில் நிற்கும். அதற்கு ரியூசன் தேவையில்லை. வெயில் ஏறமுதல் 20 நிமிடம், கிழமைக்கு 5 நாள் போதும்.

மகனுக்கு வாய்ப்பாட்டில் தொடங்குங்கள். 7×8 என்று கேட்டால் பல பிள்ளைகள் "ஓரேழு ஏழு" என்று அடியிலிருந்து பாடிக்கொண்டு வருவார்கள். அது பாட்டாக மட்டுமே பாடம் என்பதன் அடையாளம். உண்மையில் இடறுவது பத்தே பத்துப் பெருக்கல்கள்: 6×6, 6×7, 6×8, 6×9, 7×7, 7×8, 7×9, 8×8, 8×9, 9×9. பழைய கலண்டர் மட்டையைப் பத்துத் துண்டாக வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதுங்கள். வரிசையைக் கலைத்துக் கேளுங்கள். பிழைத்த துண்டு மறுநாள் திரும்ப வரும். சரியானது இரண்டு நாள் விட்டு வரும். அப்போதும் சரியென்றால் ஒரு கிழமை விட்டு. ஐந்து விநாடிக்குள் விடை வராவிட்டால் விரல் மடித்து எண்ணுகிறான் என்று அர்த்தம். ஏசவேண்டாம், அந்தத் துண்டை நாளைய கட்டில் போட்டுவிடுங்கள். பத்தும் வந்தபின் "56 ஐ 7 ஆல் பிரித்தால்?" என்று திருப்பிக் கேட்கத் தொடங்குங்கள்.

மகளின் வயதில் இடறுவது பின்னம். 1/2 + 1/3 = 2/5 என்று மேலும் கீழும் கூட்டிவிடுவார்கள். "பிழை" என்று கோடு இழுத்தால் ஏன் பிழை என்பது விளங்காது. 12 சென்ரிமீற்றர் நீளக் கடதாசிப் பட்டி ஒன்றை வெட்டிக் கொடுங்கள். அரைவாசி 6 செ.மீ., மூன்றில் ஒன்று 4 செ.மீ., இரண்டும் சேர 10 செ.மீ. அதாவது 12 இல் 10, 5/6. அவள் எழுதிய 2/5 ஐயும் அதே பட்டியில் அளக்கச் சொல்லுங்கள்: 4.8 செ.மீ. கூட்டிய விடை அரைவாசியைவிடச் சிறிதாக வர ஏலாது என்பதை அவளே கண்டுபிடிப்பாள். பொதுப் பகுதியெண் முறையை அதன்பின் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ரியூசனுக்குப் போகிற பிள்ளை என்றால், வீட்டில் இந்த 20 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். லீவு அவர்களுடையது.

பேரன் ஆண்டு 5. கதைப் புத்தகத்தை இரண்டு பக்கத்தோடு வைத்துவிட்டுப் போனைத் தூக்குகிறான். எழுதினால் ள, ழ மாறி மாறி வருகிறது.
– ஒரு அம்மம்மா, கோண்டாவில்

புத்தகம் கடினமாக இருக்கலாம், அம்மா. ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கவிடுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் தடக்கினால் அது இப்போதைக்கு அவனுக்கான புத்தகம் இல்லை. நூலகத்தில் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப்போய், அவனையே தெரிவுசெய்ய விடுங்கள். சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தை எடுத்தாலும் தடுக்கவேண்டாம். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன் என்று 15 நிமிடம் வாசித்து, கதை சூடுபிடிக்கிற இடத்தில் நிறுத்துங்கள். புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் செய்வதை வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ள, ழ குழப்பம் அவனுடைய கவனக்குறைவு அல்ல. எங்கள் பேச்சில் "வாழைப்பழம்" பெரும்பாலும் "வாளைப்பளம்" என்றே ஒலிக்கும். காதை நம்பி எழுதுகிற பிள்ளை பிழைவிடத்தான் செய்யும். எனவே கண்ணுக்குப் பழக்குங்கள். மழை, கிழமை, கிழங்கு, பழம், வாழை என்று நாளுக்கு ஐந்து சொல். அவன் ஒருமுறை பார்க்கட்டும், நீங்கள் மூடுங்கள், அவன் எழுதட்டும், பிறகு தானே ஒப்பிடட்டும். ள சொற்களை வேறொரு நாள் கொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் குழப்பம் கூடும்.

காசு செலவில்லாமல் வீட்டு வளவில் செய்யக்கூடிய விஞ்ஞானம் ஏதாவது?
– ஒரு தகப்பன், பருத்தித்துறை

ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆகஸ்ட் 28 அளவில் நடுப்பகலில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வரும். நேராக நட்ட தடிக்கு நிழலே இராது.

சமமான தரையில் 1 மீற்றர் உயரமான தடியை நடுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, தடி நிமிர்ந்து நிற்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். பெரும்பாலும் பிழைப்பது இங்கேதான்: நுனி 5 செ.மீ. சரிந்தால் நிழலும் 5 செ.மீ. பொய் சொல்லும். சோளகக் காற்றுக்கு நூல் ஆடும், கல் பாரமாக இருக்கட்டும். 11.50 தொடங்கி 12.40 வரை 5 நிமிடத்துக்கு ஒருக்கா நிழல் நுனியில் சிறு கல் வையுங்கள். மிகக் குறுகிய நிழல் விழும் கோடுதான் வடக்கு-தெற்கு.

மாதத் தொடக்கத்தில், 5 ஆம் திகதியளவில், அந்த நிழல் ஏறக்குறைய 13 செ.மீ. இருக்கும், விழுவது தெற்குப் பக்கம். 15 ஆம் திகதி 7 அல்லது 8 செ.மீ. 28 க்குப் பிறகு வடக்குப் பக்கம் திரும்பும். ஏன் பக்கம் மாறுகிறது என்று பிள்ளையே கேட்கும்வரை விடையைச் சொல்லவேண்டாம். சூரியன் எங்களுக்கு வடக்கே நின்றது, தெற்கே போகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேட்பார்கள்: குறுகிய நிழல் ஏன் சரியாக 12 மணிக்கு வரவில்லை? இலங்கை நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்குரியது. யாழ்ப்பாணம் 80 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 10 நிமிடம் பிந்தும். அதோடு ஆண்டு முழுவதும் சூரியனின் நடுப்பகல் சில நிமிடம் முன்பின் ஆகும். ஆகஸ்ட் தொடக்கத்தில் 12.16 அளவில் வரும், மாதக் கடைசியில் 12.11 அளவில். தொப்பி போட்டுக்கொள்ளட்டும். சூரியனை நேரே பார்க்கவே கூடாது.

தங்கச்சியின் பிள்ளைகள் கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார்கள். தமிழ் விளங்கும், வாசிக்கத் தெரியாது. ஒரு மாதத்தில் என்ன செய்யலாம்?
– ஒரு பெரியம்மா, திருநெல்வேலி

247 எழுத்தையும் வரிசையாகத் தொடங்கவேண்டாம், பாதியில் சலித்துவிடும். க, ட, ப, ம, ல, வ என்ற ஆறும் புள்ளியும் போதும். படம், கடல், கப்பல், பட்டம், பகல், கடகம், வடம் எல்லாம் முதல் கிழமையிலேயே வாசிப்பார்கள். கடகத்தையும் தேர் வடத்தையும் கண்ணால் காட்டிவிட்டுச் சொல்லை எழுதிக் கொடுங்கள். அடுத்ததாக அரவு (கா, டா), பிறகு விசிறி (கி, டி). கொம்பு முன்னால் வரும் கெ, கே, கொ ஆகியவற்றைக் கடைசிக்கு விடுங்கள். இங்கிலீஷ் எழுத்துப் பழகிய கண் அங்கேதான் தடுமாறும்.