அப்பாவின் திசுவிலிருந்து தொடங்குங்கள்

அப்பாவுக்கு 43 வயதில் பெருங்குடல் புற்றுநோய், அத்தைக்குக் கருப்பைப் புற்றுநோய். எனக்கு 29 வயது, தொந்தரவு ஏதுமில்லை, குடல் பரிசோதனைக்கு 45 வயது வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்காதீர்கள், சகோதரி. இவ்விரண்டும் ஒரே குடும்பத்தில் வந்தால் முதலில் லிஞ்ச் நோய்க்குறியைத்தான் சந்தேகிக்க வேண்டும்; இது இந்தப் புற்றுநோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டும், பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு.

அப்பாவின் அறுவை சிகிச்சையில் எடுத்த திசு, மெழுகுக் கட்டியாக மருத்துவமனை ஆய்வகத்தில் இன்னும் இருக்கக்கூடும். தாமதிக்காமல் கேளுங்கள். எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது இல்லையென்றால் லிஞ்ச் சந்தேகம் வலுக்கும்; மரபணு ஆலோசகரிடம் அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். அவரிடம் மரபணு மாற்றம் உறுதியானால், உங்களுக்கும் அண்ணனுக்கும் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு 50 சதவீதம். அந்த மாற்றம் உங்களுக்கு இருந்தால், பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி (கேமரா குழாய் வழியே பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்யச் சொல்வார்கள். கருப்பைப் புற்றுநோய் அபாயத்தைப் பற்றியும் கேளுங்கள். அண்ணன் பரிசோதனைக்கு மறுத்தாலும் நீங்கள் போங்கள்.