வெள்ளம் ஏறும் வீட்டின் மேல் தம்பிக்காக இன்னொரு கடனா?

கேள்வி: செபராங் பிறையில் தாழ்வான ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எனக்கு ஒற்றை மாடி வரிசை வீடு. கடன் பாக்கி 140,000 ரிங்கிட். 2017 நவம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. பெர்சனல் லோன் எடுத்துச் சரிசெய்தேன். பிறகு தம்பியின் கார் பட்டறைக்காக வீட்டுக் கடனை ஒருமுறை கூட்டினேன். இப்போது அவன் இன்னும் 60,000 கேட்கிறான். பட்டறையும் எங்கள் தாமான் முனையில்தான். பேங்கில் வெள்ளம் பற்றித் துருவித் துருவிக் கேட்டுவிட்டு 35,000 தான் தரமுடியும் என்கிறார்கள். காலநிலை அபாயமாம். வேறு பேங்க் பார்க்கட்டுமா? இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தைப் பசுமை யூனிட் டிரஸ்டில், அதாவது சுற்றுச்சூழல் சார்ந்த முதலீட்டு நிதியில் போட்டு அந்த லாபத்தில் தவணை கட்டலாம் என்கிறார் ஒரு ஏஜெண்ட்.

பதில்: சகோதரி, வேறு பேங்குக்குப் போனாலும் இதே கேள்விகள்தான் வரும். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 நவம்பரில் வெளியிட்ட காலநிலை அபாய விதிமுறை எல்லாப் பேங்குகளுக்கும் பொது. இப்படிப்பட்ட அபாயம் வந்தால் பேங்க் தாங்குமா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையும் 2024-இல் நடத்தச் சொன்னது. வீட்டுக் கடனில் அவர்கள் பார்ப்பது இரண்டு: வெள்ளம் வந்தால் கடனாளியின் வருமானம் நிற்குமா, அடமான வீட்டை விற்றால் எவ்வளவு தேறும். நீங்கள் 300,000 என்று நினைக்கும் வீட்டை மதிப்பீட்டாளர் 250,000 என்று எழுதி, பேங்க் அதில் 70% வரை என்று நிறுத்தினால் வரம்பு 175,000. பாக்கி 140,000 போனால் 35,000. உங்களுக்குச் சொன்ன தொகை ஏறக்குறைய இப்படித்தான் வந்திருக்கும். பேங்க் மாற்றினால் வக்கீல் செலவு, மதிப்பீட்டுச் செலவு, கடன் பத்திரத்துக்கு 0.5% முத்திரை வரி எல்லாம் புதிதாகச் சேரும்.

பேங்க் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. நீங்கள் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். என் கவலை அதுதான். வீடு அந்தத் தாமானில், பட்டறையும் அந்தத் தாமானில். ஒரே மழையில் தம்பியின் பட்டறை மூழ்கும், அவரால் உங்களுக்குப் பணம் தர முடியாது. அதே வாரம் உங்கள் வீட்டுச் சுவரும் வயரிங்கும் போயிருக்கும். எல்லாக் கடனையும் ஒரே இடத்தில் குவிக்காமல் இருக்கப் பேங்கில் தனி வரம்பே வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. பேங்கின் ஏட்டில் தம்பியின் பெயரும் இல்லை. அவர் நிறுத்தினால் துரத்தப்படுவது நீங்கள்.

60,000 ரிங்கிட், 4.5% வட்டி, 20 ஆண்டு என்று வைத்தால் மாதம் சுமார் 380. மொத்தம் 91,000-க்கு மேல் கட்டுவீர்கள். பட்டறை அத்தனை ஆண்டு ஓடுமா என்று யாருக்கும் தெரியாது. தவணை மட்டும் ஓடும். தம்பி தரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்பது திட்டமே இல்லை.

இன்னொன்றை உடனே பாருங்கள். வெள்ளச் சேதத்தைப் பெர்சனல் லோனால் சரிசெய்தேன் என்கிறீர்கள். அப்படியென்றால் உங்களிடம் இருப்பது பேங்க் கேட்டு எடுத்த வெறும் தீக் காப்பீடாக இருக்கலாம். அதில் வெள்ளம் சேராது. பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கி, அட்டவணையில் வெள்ளம் என்று தனியாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தீக் காப்பீட்டோடு வெள்ளத்தைச் சேர்க்கவேண்டும், அல்லது வெள்ளத்தையும் உள்ளடக்கிய வீட்டுரிமையாளர் பாலிசிக்கு மாறவேண்டும். பழைய கட்டண அட்டவணைப்படி வெள்ளத்துக்கு 0.086%, 200,000-க்கு ஆண்டுக்கு 172 ரிங்கிட். அடிக்கடி மூழ்கும் இடத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் கூடுதலாகக் கேட்கலாம். கொடுங்கள். வீட்டுச் சாமான்களுக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

காப்பீட்டுத் தொகையிலும் பலர் சறுக்குகிறார்கள். கடன் பாக்கிக்குச் சமமாகவோ விற்பனை விலைக்குச் சமமாகவோ எடுக்கக்கூடாது. வீட்டைப் புதிதாகக் கட்டி எழுப்ப என்ன செலவாகும் என்பதே கணக்கு. 1,000 சதுர அடி, அடிக்கு 200 என்று தோராயமாக வைத்தால் 200,000. நீங்கள் 120,000-க்கு மட்டும் எடுத்திருந்து 30,000-க்குச் சேதம் வந்தால், குறைவாக எடுத்த விகிதப்படி 18,000 தான் கணக்காகும். அதிலும் நீங்களே ஏற்கவேண்டிய சொந்தப் பங்கு கழியும். தண்ணீர் வடிந்ததும் படம் எடுத்துவிட்டு நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்கள்; அவர்கள் அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை நனைந்த சாமான்களை வெளியே வீசாதீர்கள்.

அந்தப் பசுமை நிதி விஷயத்தை விட்டுவிடுங்கள். ஏஜெண்ட் மூலம் போனால் விற்பனைக் கட்டணம் 3% வரை முதலிலேயே போகும். இபிஎஃப் சாதாரணக் கணக்கில் ஆண்டுக்குக் குறைந்தது 2.5% டிவிடெண்ட் சட்டப்படி உறுதி. யூனிட் டிரஸ்டில் அப்படி உறுதி எதுவும் கிடையாது, மாதத் தவணையோ மாதம் தவறாமல் வரும். நிதியின் பெயரில் பசுமை இருப்பதால் உங்கள் தாமானின் வடிகால் ஆழமாகிவிடாது.

தம்பியிடம் பேங்க் 35,000 தருகிறது என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அந்த 35,000-உம் வேண்டாம். சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான டெக்குன் நேஷனலில், இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி திட்டத்தில் அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கட்டும். பட்டறையின் வரவு செலவுக் கணக்கை அவர்கள் கேட்பார்கள். கணக்கைக் காட்டத் தயங்கினால், 60,000 கேட்கும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்களே கேட்கலாம். மனம் கேட்கவில்லை என்றால், திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவில் சேமிப்பிலிருந்து ஒரு சிறு தொகையைக் கையில் கொடுங்கள், வீட்டுப் பத்திரத்தைத் தொடாமல். இப்போதுள்ள தவணைகளே கட்ட முடியாத நிலை என்றால் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே-க்குப் போங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.