கடற்கரையில் குதிரை லாயம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கீழக்கரைக்குப் பக்கத்தில், கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் என் இடம். தோளுயரம் ஐந்தடி இருக்கும் இரண்டு கத்தியவார் இனக் குதிரைகளுக்கு லாயம் கட்டப்போகிறேன். பத்துக்குப் பத்து அறை, ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரம். உப்புக்காற்று வராமலிருக்க ஒரு சின்ன ஜன்னல் போதும் என்கிறார் கொத்தனார். சரிதானா?

பதில்: ஜன்னல் விஷயத்தில் கொத்தனார் சொல்வதைக் கேட்காதீர்கள். உப்புக்காற்று கீலையும் தகரத்தையும்தான் அரிக்கும். குதிரையின் நுரையீரலைக் கெடுப்பது அடைத்த அறைக்குள் தேங்கும் காற்று. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும், புல்லிலும் வைக்கோலிலும் இருக்கும் பூஞ்சைத் தூசியும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இருமல், மூக்கொழுகல், ஓடும்போது இளைப்பு என்று அது தொடங்கும். நாள்பட்டுவிட்டால் முழுதாகக் குணமாகாது. காலையில் லாயத்துக்குள் போனதும் குந்தி உட்கார்ந்து, முழங்கால் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் குதிரை இரவெல்லாம் அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறது. நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது.

உங்கள் குதிரைகளுக்குப் பத்துக்குப் பத்து போதாது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி வேண்டும். மட்டக்குதிரைக்குத்தான் பத்தடி சரி. குறுகிய அறையில் குதிரை புரளும்போது முதுகு ஒரு பக்கமும் கால்கள் சுவர்ப் பக்கமுமாகச் சிக்கிக்கொள்ளும். எழ முடியாமல் உதைத்து உதைத்தே காலை முறித்துக்கொள்ளும். சினைக்குதிரைக்குக் குட்டி போடும் காலத்தில் பதினான்கு அடியாவது ஒதுக்குங்கள்.

கட்டடத்தின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களில்தான் விழும். அந்த இரண்டு சுவர்களையும் முழுதாக எழுப்பிவிடலாம். வடக்கும் தெற்கும் திறந்திருக்கட்டும். நான்கரை அடிக்குச் சுவர், அதற்கு மேல் கம்பி அல்லது மரச்சட்டம். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் மணலும் சேர்ந்து வரும். அதற்குத் தெற்கில் பனைமட்டைத் தட்டி கட்டினால் காற்று வடிந்து உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு மழைச்சாரல் அடிக்கும்போது மட்டும் வடக்கில் படுதாவை இறக்குங்கள், மழை விட்டதும் சுருட்டிவிடுங்கள். கூரை இறவாரம் நான்கடி நீண்டிருந்தால் படுதாவுக்கு அதிக வேலை இருக்காது.

வெறும் தகரம் மத்தியானத்தில் அடுப்பாகிவிடும். வியர்வைதான் குதிரையின் உடல்சூட்டைத் தணிக்கும் முதல் வழி. நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது காயாது; சில குதிரைகளுக்கு நாளாவட்டத்தில் வியர்ப்பதே நின்றுவிடும். ஆகவே ஓரத்தில் பன்னிரண்டு அடி உயரமும், கூரை உச்சியில் சூடான காற்று வெளியேற நெடுக ஒரு சாண் திறப்பும், அதன்மேல் மழைக்கு ஒரு சிறு மூடியும் வையுங்கள். தகரத்தின்மேல் பனையோலை வேய்ந்து, புயலுக்குத் தாங்கும்படி கயிற்றால் இழுத்துக் கட்டினால் சூடு நன்றாகக் குறையும். ஓலை இருந்தால் தீ பயமும் உண்டு. மின்கம்பியைக் குழாய்க்குள் விட்டு, குதிரையின் வாய்க்கு எட்டாத உயரத்தில் கொண்டுபோங்கள். வைக்கோல் போரை லாயத்தோடு ஒட்டி வைக்காதீர்கள்.

ஹாலோ பிளாக் ஓர் உதையில் உடையும்; கீழ் நான்கடிக்கு அதன் துளைகளைக் கான்கிரீட்டால் நிரப்புங்கள். தரையைச் சுற்றுநிலத்தைவிட ஓரடி உயர்த்திச் சரளையும் செம்மண்ணும் போட்டுத் திமிசு அடிக்க வேண்டும், மழைக்காலத்தில் ஈரம் கீழிருந்து ஏறும். சரிவு பன்னிரண்டு அடிக்கு இரண்டரை அங்குலம் போதும். கான்கிரீட் தளம் போட்டால் மேலே வழவழப்பு பூசாமல் துடைப்பத்தால் கீறிவிட்டு, அதன்மேல் ரப்பர் விரிப்பு போடுங்கள். கதவு நான்கடி அகலம், எட்டடி உயரம், வெளிப்பக்கம் திறப்பது, இரண்டு துண்டு. மேல்துண்டு எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

அரபுக் குதிரைகள் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய காலத்திலேயே அவை சீக்கிரம் மடிந்தன என்றும், பராமரிக்கத் தெரியாததே காரணம் என்றும் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். தெரிந்துகொண்ட பிறகும் அடைத்துவைப்பது நியாயமில்லை.

கேள்வி: தேவிபட்டினத்தில் இருக்கும் எங்கள் குதிரை வாசலில் நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கிறது. கதவையும் கடித்துக் காற்றை விழுங்குகிறது. திமிரா? கழுத்துப்பட்டை கட்டலாமா?

பதில்: திமிர் இல்லை, வேதனை. குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி; நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கும். நான்கு சுவருக்குள் தனியே நிறுத்தி, காலையும் மாலையும் கொள்ளும் தவிடும் கொடுத்தால் மீதிப் பொழுதில் அது என்ன செய்யும்? வயிற்றில் அமிலம் இடைவிடாமல் ஊறும். தீவனம் இல்லாவிட்டால் இரைப்பை புண்ணாகும். பட்டை கட்டினால் பழக்கம் மறைந்ததுபோல் தெரியும், வேதனை அப்படியே இருக்கும்.

இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரை நான்கரை அடியோடு நிறுத்தி, மேலே கம்பி போடுங்கள். பக்கத்துக் குதிரையை முகர்ந்து பார்க்க முடிந்தாலே தலையாட்டம் பெரிதும் குறையும். ‘மற்றக் குதிரைகளும் பார்த்துப் பழகிவிடும்’ என்று இதைத் தனியே பிரித்துவைத்தால் நிலைமை மோசமாகும். 300 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும். பச்சைப்புல் என்றால் 25 கிலோ. அதை நான்கைந்து வேளையாகப் பிரித்து, ராத்திரிக்கும் ஒரு பங்கு போடுங்கள். தினமும் சில மணி நேரம் அவிழ்த்துவிட வேண்டும். அந்தத் திடலில் சீமைக்கருவேல் முள் கிடந்தால் முதலில் பொறுக்கிவிடுங்கள், குளம்பின் அடியில் ஏறினால் சீழ் பிடிக்கும். நெற்றும் கூடாது, இனிப்புக்காக நிறையத் தின்று குடல் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: வாலிநோக்கத்தில் கடல்மணல் தரையிலேயே புல் போடுகிறோம். மாதம் ஒருமுறையாவது குதிரை வயிற்றுவலியில் உருளுகிறது. என்ன காரணம்?

பதில்: மணலாக இருக்கலாம். புல்லோடு மணலும் உள்ளே போய்ப் பெருங்குடலின் அடியில் தங்கும். தரையில் படாத ஆறு லத்தி உருண்டைகளை எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்துக் கால்மணி நேரம் வையுங்கள். அடியில் ஒரு டீஸ்பூனுக்கு மேல் மணல் படிந்தால் மருத்துவரைப் பாருங்கள். படியவில்லை என்றால் குடலில் மணலே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், உள்ளேயே தங்கியும் இருக்கலாம். மணலை வெளியேற்ற இசப்கோல் உமி கொடுப்பதுண்டு. அளவை மருத்துவரே சொல்லட்டும்.

மணலுக்குப் பயந்து காடியை, அதாவது தீவனத் தொட்டியை, உயரத்தில் மாட்டாதீர்கள். தலையைத் தாழ்த்தித் தின்றால்தான் மூச்சுக்குழாயின் சளி வடியும். ரப்பர் விரிப்பின்மேல் வாய் அகன்ற, உயரம் குறைந்த தொட்டியை வைத்து அதில் புல்லைப் போடுங்கள். சுற்றிலும் சிந்துவதை வேளாவேளை கூட்டிவிடுங்கள். தண்ணீரையும் கவனியுங்கள். உவர்நீரைக் குதிரை குறைவாகவே குடிக்கும், அதனாலும் குடல் கட்டும். நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் நல்ல தண்ணீர் நிழலில் இருக்கட்டும்.

கேள்வி: தொண்டியில் கடலைத்தோல் மலிவாகக் கிடைக்கிறது. படுக்கைக்குப் போடலாமா? குதிரை நின்றுகொண்டே தூங்குமே, படுக்கை எதற்கு என்கிறார்களே?

பதில்: கடலைத்தோல் வேண்டாம். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், தின்றாலும் கேடு. தூசியில்லாத மரத்தூளை அரையடிக்குப் பரப்பி, நனைந்ததைத் தினமும் அள்ளுங்கள். நின்றபடி தூங்குவது அரைத்தூக்கம்தான். ஆழ்ந்த உறக்கத்துக்குத் தினமும் அரைமணி முதல் ஒருமணி நேரமாவது படுத்தாக வேண்டும். நாள்கணக்கில் படுக்காத குதிரை நின்ற இடத்திலேயே முழங்கால் மடங்கி விழும்; முன்முழங்காலில் சிராய்ப்பு தெரிந்தால் படுக்கையையும், ராத்திரி கட்டும் கயிற்றின் நீளத்தையும் பாருங்கள்.