ஆன்சாக் நாளும் குளச்சல் போரும்

அன்புள்ள தம்பி,

மெல்பர்னில் மகனைப் பள்ளியில் சேர்த்த மூன்றாம் மாதமே, போரில் மாண்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25 ஆன்சாக் நாளை ஒட்டி வகுப்பில் போர்க்கதைகள் சொல்கிறார்களே, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது தேவையா, அந்தப் போருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தீர்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தக்கலையிலிருந்து வந்த புதிதில் எனக்கும் இதே தயக்கம் இருந்ததால், பள்ளியின் நினைவுக் கூட்டத்துக்கு மகளை அனுப்பாமல் வீட்டில் நிறுத்திக்கொண்டேன். அது என் தவறு.

சிறு பிள்ளைகளுக்கு இங்கே பெரும்பாலும் சொல்வது ஜான் சிம்ப்சன் கிர்க்பாட்ரிக்கின் கதை. முதல் உலகப் போரில், 1915-இல் துருக்கியின் கலிப்பொலியில், காயம்பட்டவர்களைக் கழுதைமேல் ஏற்றிக் குண்டுகளுக்கு நடுவே கடற்கரைக்குக் கொண்டுவந்த அவர், கரையிறங்கிய நான்காம் வாரத்தில், மே 19 அன்று, தாமும் சுடப்பட்டு இறந்தார். இங்கிலாந்தில் பிறந்து, கப்பல் வேலையை உதறிவிட்டு இந்நாட்டுக்கு வந்தவர் அவர். போர்முனையில் இந்திய மலைப் பீரங்கிப் படையினரோடு தங்கி, அவர்கள் சமைத்ததை உண்டவர். நமக்கென்ன தொடர்பு என்ற கேள்விக்கு இது போதும். அவர் காப்பாற்றியோரின் எண்ணிக்கையாகச் சொல்லப்படுவதில் மிகை உண்டு. அதையும் மகனிடம் சொல்லுங்கள், கதை அதனால் சிறுத்துவிடாது.

பள்ளியில் நம் ஊர்க்கதை கேட்டால், குமரிக் கடற்கரையில் நடந்த குளச்சல் போரைச் சொல்லி அனுப்புங்கள். 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றபோது, துடுப்பைத் தோளில் சாய்த்து நின்ற மீனவர்கள் கப்பலிலிருந்து பார்த்தவர்களுக்குத் துப்பாக்கிப் படைபோலத் தெரிந்தார்கள் என்று என் பாட்டி சொல்வார். வரலாறா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய பகுதி. அப்போரில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்து, 1777-இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். ஒரு விடுமுறையில் அங்கு போயிருந்தபோது, கல்லறையில் லத்தீனோடு வெட்டப்பட்டிருக்கும் தமிழ் எழுத்துகளை விரலால் தடவிய மகள், “தோற்றவருக்கு ஏனப்பா இவ்வளவு பெரிய கல்?” என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த ஏப்ரலில் அவள் அதையே வகுப்பில் கேட்க, கலிப்பொலியில் மாண்ட துருக்கியரைப் பற்றி ஆசிரியை அந்தப் பாடவேளை முழுதும் பேசினாராம்.

ஆன்சாக் நாள் வாரத்தில், தேங்காய்த் துருவல் சேர்க்கும் ஆன்சாக் பிஸ்கட்டும் செய்து அனுப்பச் சொல்வார்கள். நம் ஊர் வழக்கப்படி பச்சைத் தேங்காயைத் துருவிக் கொட்டிவிடாதீர்கள், மொறுமொறுப்பு வராது. கடையில் விற்கும் உலர்ந்த துருவலே சரி.