சிஎஸ்ஆரும் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பும்) தொழிற்சங்கமும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஆயத்த ஆடைத் தொழிலில் இருபத்திரண்டு வருடம் சங்கப் பொறுப்பில் இருந்தவன். தனிப்பட்ட வழக்குகளுக்கு வக்கீலைப் பாருங்கள். கம்பெனி பெயர் எழுதாமல் கேளுங்கள்.

கம்பெனி பள்ளிக்கூடம் கட்டுகிறது, மரம் நடுகிறது. சங்கம் ஏன் முகம் சுளிக்கிறது?

மரத்தின் மேல் எங்களுக்கு என்ன கோபம்? தர்மம் வேறு, பாக்கி வேறு. பாக்கி வைத்தவன் தெருவில் அன்னதானம் செய்தால் கடன் கொடுத்தவனுக்கு எரியுமா எரியாதா? சிஎஸ்ஆரைச் சட்டமாகவே ஆக்கிய இந்தியாவின் 2013 கம்பெனிச் சட்டத்தையே பாருங்கள். குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் சொந்த ஊழியருக்கு மட்டும் செய்யும் செலவு அந்தக் கணக்கில் வராது. பலர் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது: தொழிலாளிக்குத் தரவேண்டியதைத் தானக் கணக்கில் எழுத முடியாது.

எங்கள் நிர்வாகம் ஐஎஸ்ஓ 26000 சான்றிதழ் வாங்கியிருக்கிறது. நம்பலாமா?

அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. சமூகப் பொறுப்பு பற்றி 2010-ல் வந்த வழிகாட்டி அது. சான்றளிப்பதற்கு அல்ல என்று அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது. விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

(கல்லூரி மாணவி) ஐநா குளோபல் காம்பேக்ட்டில் சேர்ந்த கம்பெனி சங்கத்தை ஏற்றே ஆக வேண்டுமா?

அது கம்பெனிகள் தாமாக முன்வந்து சேரும் ஐநா திட்டம். அதன் 10 கோட்பாடுகளில் மூன்றாவது, சங்கம் சேரும் உரிமையையும் கூட்டுப்பேர உரிமையையும் மதிக்கச் சொல்கிறது. மீறினால் இழுத்துப்போகக் கோர்ட்டு இல்லை. பயனில்லை என்றும் சொல்லமாட்டேன். கோரிக்கைப் பட்டியலோடு அந்தக் கோட்பாட்டை நகலெடுத்து வைத்தால் எதிரில் இருப்பவர் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார். அவ்வளவுதான். எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள்: யார் யார் கையெழுத்து? ஒரே கையெழுத்து என்றால் அது அறிவிப்பு. இரண்டு இருந்தால்தான் ஒப்பந்தம்.

(சமூகத் தணிக்கையாளர்) பதினைந்து வருடமாக ஆலைகளில் தொழிலாளர் நிலையைத் தணிக்கை செய்கிறேன். தணிக்கையே நாடகம் என்று நீங்கள் முன்பு எழுதியது அநியாயம்.

நாடகம் என்றுதான் இப்போதும் சொல்வேன், ஏனென்றால் நானே நடித்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு ஆலையில் ஆடிட் நாளன்று காலையில் பாலிதீன் உறையோடு மாஸ்க் வரும், கட்டிங் பிரிவுக்கு இரும்பு வலைக் கையுறை வரும். சாயங்காலம் ஸ்டோர்காரர் எண்ணி வாங்கிப் பூட்டிவிடுவார். பேட்டிக்கு யார் போவது என்பதை சூப்பர்வைசர் முதல் நாளே முடிவு செய்திருப்பார்.

இது சின்ன விஷயம். 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். தீ எப்படி மூண்டது என்பது தனி வழக்கு. ஜன்னலில் கம்பி, பூட்டிய வாசல். தொழிலாளர் நிலை ஒழுங்காக இருக்கிறது என்று தணிக்கை செய்து தரும் எஸ்ஏ 8000 சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

(அதே தணிக்கையாளர்) அது விதிவிலக்கு.

அடுத்த வருடமே ராணா பிளாசா, வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இருந்த பல மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல். கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. மேலே தையல்காரர்களை மட்டும் உள்ளே அனுப்பினார்கள், சம்பளம் போய்விடும் என்று மிரட்டி. கட்டடம் இடிந்து விழுந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கிருந்த ஆலைகளில் சில தணிக்கை முடித்தவை. எதிலும் சங்கம் இல்லை. விரிசலை எல்லோரும் பார்த்தார்கள். "போகமாட்டோம்" என்று சேர்ந்து சொல்ல ஆள் இல்லை.

(அதே தணிக்கையாளர்) பிறகு வங்கதேச ஆலைகளின் பாதுகாப்புக்காக வந்த அக்கார்டு ஒப்பந்தத்திலும் இன்ஸ்பெக்‌ஷன்தானே?

இன்ஸ்பெக்‌ஷன்தான். ஆனால் பொறியாளர்கள் பார்த்தார்கள், முடிவுகளை வெளியிட்டார்கள், ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் 200-க்கு மேற்பட்ட பிராண்டுகளோடு இண்டஸ்ட்ரியால், யூனி என்ற இரண்டு உலகச் சங்கக் கூட்டமைப்புகளின் கையெழுத்து. வாக்குத் தவறியதாக 2016-ல் இரண்டு பிராண்டுகளை அந்தச் சங்கங்கள் ஹேக் நகரில் நடுவர் மன்றத்துக்கு இழுத்தன. ஒன்று 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. உங்கள் தணிக்கை அறிக்கையை வைத்து ஒரு தொழிலாளி எங்கே வழக்குப் போட முடியும்?

(அதே தணிக்கையாளர்) அக்கார்டு கட்டடத்தோடு சரி. சம்பளத்தைத் தொடவே இல்லையே!

இது சரியான அடி. தொடவில்லை. கூரை நின்றது, கூலி அங்கேயே நின்றது. இதில் உங்களோடு சண்டையில்லை.

எங்கள் கம்பெனி ரொம்ப நல்ல கம்பெனி. சங்கம் தேவையா?

முதல் பதிலைப் பாருங்கள்: தர்மம் வேறு, பாக்கி வேறு.

பன்னாட்டுக் கம்பெனியோடு உலக அளவில் ஒப்பந்தம் போட முடியுமா?

முடியும். 1988-லேயே உணவுத் தொழிலாளர்களின் உலகக் கூட்டமைப்பான ஐயூஎஃப், டனோனோடு போட்டது. சப்ளையர் ஆலைக்கும் பொருந்துமா என்று வாசகத்தைப் பாருங்கள். பிறகு, கடைசிப் பக்கம்.

நல்ல முதலாளி இருந்தால் சங்கம் எதற்கு?

இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள். அவர் கம்பெனியை விற்றுவிட்டால் யாரிடம் போவீர்கள்?

என் கிராஜுவிட்டி வரவில்லை.

தொழிலாளர் துறை அலுவலகம். இன்றே எழுத்தில் கொடுங்கள்.

சங்கத்துக்குச் சமூகப் பொறுப்பு கிடையாதா? பக்கத்து மிஷினில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியைக் கண்டுகொள்வதே இல்லை.

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன், யாராவது கேட்பார்களா என்று. ஒப்பந்தத் தொழிலாளர்களை உறுப்பினராக்கும் தீர்மானத்தை எங்கள் பொதுக்குழுவில் நான் வைத்தேன். "நம்ம போனஸைப் பங்கு போடவா?" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார், கைதட்டல் விழுந்தது. தோற்றது. அடுத்த வருடம் அதே தீர்மானம் ஜெயித்தது. அதற்குள் அந்தத் தொழிலாளர்களில் பாதிப் பேரைக் கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டிருந்தார். உறுப்பினர் படிவங்களை அச்சடித்து வைத்திருந்தேன், வாங்கிக்கொள்ள ஆள் குறைவாக இருந்தது.