கோப்ரா ரெப்ளிகா: அசலை விட்டு இதை ஏன் வாங்குகிறார்கள், கட்டும்போது எங்கே தவறுகிறது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 1960களின் ஷெல்பி கோப்ராமீது ஆசை. வசதி இருப்பவர்கள்கூட ரெப்ளிகாவை, அதாவது அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டிய நகலை, விரும்புவது ஏன்? கிட் (பாகங்களின் தொகுப்பு) வாங்கி நானே கட்டலாமா?

பதில்: தாராளமாகக் கட்டலாம். முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் ஏ.சி. ஏஸ் காருக்குள் கரோல் ஷெல்பி ஃபோர்டு வி8 எஞ்சினை வைத்தது 1962-ல். 1967 வரை வந்தவை சுமார் ஆயிரம்தான். அவற்றில் முதல் கார் 2016-ல் 1.375 கோடி டாலருக்கு ஏலம் போனது. எல்லா அசலும் அந்த விலை இல்லை என்றாலும், ஒரு கல் தெறித்தாலே நெஞ்சு பதறும் விலைதான். எஞ்சின் எண் முதல் அலுமினியத் தகடு வரை மாற்றினால் மதிப்பு இறங்கும். கார் ஓட்டுவதற்குத்தான் என்று நினைப்பவருக்கு ரெப்ளிகாவே சரி. அசலில் கியர் நான்கு. ரெப்ளிகாவில் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) உள்ள ஐந்து கியர் போட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாது.

ஃபேக்டரி ஃபைவ் நிறுவனத்தின் கிட் வாங்கினால் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், சக்கரங்கள், பெயின்ட் எல்லாம் உங்கள் பொறுப்பு. 1987-93 மஸ்டாங்கின் 5.0 லிட்டர் எஞ்சினும் டி-5 கியர்பாக்ஸும் நல்ல ஜோடி. பாகங்கள் எளிதில் கிடைக்கும். சில நூறு மணி நேரம் ஒதுக்க முடியாதவர் சூப்பர்ஃபார்மன்ஸ் நிறுவனத்தின் கார் பக்கம் போகலாம். தென்னாப்பிரிக்காவில் பெயின்ட் முடிந்து வரும். எஞ்சின், கியர்பாக்ஸ் மட்டும் ஏற்ற வேண்டும்.

புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் சறுக்குவது எர்த்தில். ஃபைபர் பாடி மின்சாரம் கடத்தாது. சாதாரணக் காரைப் போல பாடி எர்த்தை நம்பினால் ஹெட்லைட் மங்கும், பெட்ரோல் மீட்டர் தப்பாகக் காட்டும். ஒவ்வொரு விளக்குக்கும் சேஸி வரை தனி எர்த் ஒயர் இழுங்கள். சேஸியில் மின்சாரம் கடத்தாத பவுடர் கோட்டிங் பூச்சு இருக்கும். லக் (ஒயர் முனையின் வளையம்) உட்காரும் இடத்தில் அதைச் சுரண்டி இரும்பு பளபளக்கும் வரை தேய்த்த பிறகே போல்ட் முறுக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுன்டில் நிற்பதால், பிளாக்கிலிருந்து சேஸிக்குத் தடித்த எர்த் ஸ்ட்ராப் கட்டாயம். அதை மறந்தால் செல்ஃப் அடிக்கும்போது கரன்ட் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடேறிக் கருகும்.

கதவுக் கீலில் பெரிய வாஷர் போடுங்கள். சின்ன வாஷரோடு இறுக்கினால் ஜெல்கோட்டில் (ஃபைபரின் மேல் பூச்சில்) சிலந்தி வலை போல விரிசல் விடும். அலுமினியப் பேனல்களை ரிவெட் அடிப்பதற்கு முன் இடுக்குகளில் சிலிகான் தடவுங்கள். எஞ்சின் சூடு பெடல் இருக்கும் பகுதிக்குத்தான் முதலில் வரும் என்பதால், அங்கே உட்புறமாக வெப்பத் தடுப்பு விரிப்பு ஒட்டுவது அவசியம். நீங்கள் காரிலிருந்து இறங்கும்போது பக்கவாட்டுச் சைலன்சர் கெண்டைக்காலைச் சுட்டுவிடும். கோப்ராக்காரர்கள் இதைப் பாம்புக் கடி என்றே சொல்வார்கள்.

பெயின்டுக்கு அவசரப்படாதீர்கள். பாடியைச் சில வாரம் வெயிலில் நன்றாகக் காய விட்டு, மோல்டு மூட்டுக் கோடுகளை அரைத்துப் பட்டி பாருங்கள். பாடி காயும் முன் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் அந்தக் கோடுகள் பெயின்டுக்கு மேலே எழும்பும்.

காகித வேலையை கிட் ஆர்டர் செய்யும் முன்பே விசாரியுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிஃபோர்னியாவில் இப்படிக் கட்டிய வண்டிகளுக்குப் புகை விதியில் தளர்வு தரும் எஸ்.பி. 100 சட்டத்தின் சலுகைச் சான்றிதழ் ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டும். காப்பீட்டை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் எடுங்கள். கட்டி முடித்த பழைய ரெப்ளிகாவை வாங்குவதானால், டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) அது ரெப்ளிகா அல்லது கட்டப்பட்ட வண்டி என்று இருக்கிறதா பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய காருக்கு வெறுமனே ‘1965 ஷெல்பி’ என்று எழுதியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.