விரியாத புத்தகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் நாவலை முடித்துவிட்டேன். பதிப்பகங்களுக்கு அனுப்பிக் காத்திருந்து அலுத்துப்போய், நானே அச்சிடப்போகிறேன். டெம்மி அளவுத் தாளில் 380 பக்கம். கெட்டி அட்டையா, சாதா அட்டையா? கிரவுன் அளவு சரிவருமா? ஆயிரம் பிரதி போடலாமா, ஐம்பது ஐம்பதாகவா? புத்தகத்துக்கு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கித்தர ஒருவர் நாலாயிரம் ரூபாய் கேட்கிறார்.

– பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த நாலாயிரத்தைக் கொடுத்துவிடவில்லையே? டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் அரசு முகமை அதை இலவசமாகத் தருகிறது. 380 பக்கம் எழுத உட்கார்ந்த ஆளுக்கு ஒரு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார முடியாதா! ஆயிரமெல்லாம் வேண்டாம், கட்டிலுக்கடியில் கரையான்தான் படிக்கும். கிரவுன் டெம்மியைவிடச் சின்னது, பக்கம் ஏறி செங்கல் மாதிரி ஆகிவிடும், டெம்மியே இருக்கட்டும்.

அட்டையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறீர்கள். உள்ளே தாள்களை எப்படிக் கட்டப்போகிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. கெட்டி அட்டைக்குள்ளும் வெறும் பசைக்கட்டு இருக்கலாம், சாதா அட்டைக்குள்ளும் நல்ல தையல் இருக்கலாம். பதினாறு பதினாறு பக்கமாக மடித்து, மடிப்புக்குள் ஊசி விட்டுத் தைத்தால் புத்தகம் விரித்த இடத்தில் படுக்கும். அப்படி மடித்த பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். உங்களுக்கு 24 ஃபாரம், 384 பக்கம், நாலு பக்கம் வெள்ளையாகப் போனால் போகட்டும். தாளின் நார் முதுகை ஒட்டி மேலிருந்து கீழாக ஓடுகிறதா என்றும் அச்சகத்தில் கேளுங்கள். ஒரு தாளைக் கிழித்தே பார்க்கலாம், நார்வாக்கில் நேராகக் கிழியும். ஐம்பது பிரதிக்குத் தைத்துத் தர ஆள் கிடைப்பது கஷ்டம், செலவும் கூடும். அப்படியானால் ஒட்டுங்கள், ஆனால் முதுகை ஒட்டிய வெற்றிடமான உள் மார்ஜினைத் தாராளமாக விடுங்கள்.

நான் விடவில்லை. என் முதல் நாவலையும் நானேதான் போட்டேன். ஒரு ஃபாரம் மிச்சம் பிடிக்க உள் மார்ஜினை ஒட்ட நறுக்கச் சொன்னேன். அச்சகத்துக்காரர் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார், கேட்கவில்லை. என் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே படிப்பவள், இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடிக்க அவளுக்கு ஏது நேரம்? மூடிக்கொண்டே இருந்த சனியனை அழுத்தி விரித்து ஓரத்தில் குழவிக்கல்லை வைத்தாள். முதுகு உடைந்து தாள்கள் கையோடு வந்தன. பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த தலைமுறை அல்லவா, சும்மா விடுவாளா? ஓரத்தில் ஓட்டை போட்டு, சாக்கு ஊசியால் சணல் கோத்துத் தைத்துவிட்டாள். தையல் இருந்த கொஞ்ச மார்ஜினையும் விழுங்கி எழுத்துக்குள் போயிற்று. இடப்பக்கத்தில் வரி முடிவு தெரியாது, வலப்பக்கத்தில் தொடக்கம் தெரியாது. மீதியை அவளே ஊகித்து முழு நாவலையும் படித்தாள்.

சாகக் கிடக்கும் கிழவரின் பக்கத்தில் உட்கார்ந்து மருமகள் 'விம்மினாள்' என்று எழுதியிருந்தேன். தையலுக்கு வெளியே 'வி' மட்டும்தான் மிச்சம். "அவள் விசிறினாள்னு எழுதியிருந்தியே, அந்த இடம் நல்லாருந்துது" என்றாள் அம்மா.

இரண்டாம் பதிப்பில் விசிறினாள் என்றே போட்டேன். அதை நம்பி நீங்களும் மார்ஜினை நறுக்கிவிடாதீர்கள்.